கஷாயம் காப்பாற்றியதா, கை கழுவியது காப்பாற்றியதா?

“காய்ச்சல் சீசன் வந்தா நாமதான் கஷாயம் போட்டுக் குடிக்கிறோம். டாக்டரும் நர்ஸும் குடிப்பாங்களா என்ன?” - இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கு எப்போதாவது வந்ததுண்டா?

குடித்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, 1,063 பேர்! அதுவும் ஆங்கில மருத்துவம் பார்க்கிற ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்கள். நடந்தது ஹாங்காங்கில், 2003-இல். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு அடுப்பில் கொதிக்கிற கஷாயத்தையும் சரியாக எடைபோட முடியும்.

வார்டிலேயே வந்த வியாதி

2003 பிப்ரவரியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இன்னதென்று தெரியாத ஒரு நுரையீரல் காய்ச்சல் பரவியது. ஜனங்கள் கடைகளில் முண்டியடித்து ‘பான்லான்கென்’ என்ற மூலிகை வேரையும், கொதிக்கவைத்து ஆவி பிடிக்க வினிகரையும் வாங்கினார்கள். விலை எகிறியது. அந்த மாதக் கடைசியில் வியாதி ஹாங்காங்குக்கு வந்துவிட்டது. பிறகுதான் அதற்கு ‘சார்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

மார்ச் மாதம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆஸ்பத்திரியின் 8ஏ வார்டில் ஒரு நோயாளி சேர்க்கப்பட்டார். அங்கிருந்து தொற்றியவர்கள் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதிவைத்த கணக்கு 138 பேர். அதில் 69 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். 16 பேர் மருத்துவ மாணவர்கள். வைத்தியம் பார்க்க வந்தவர்களே படுக்கையில்!

ஹாங்காங் முழுவதும் 1,755 பேருக்கு சார்ஸ் வந்து, 299 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் 386 பேர் மருத்துவப் பணியாளர்கள். அவர்களில் 8 பேர் உயிரிழந்தார்கள். தடுப்பூசி கிடையாது. நிச்சயமான மருந்தும் கிடையாது. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் குழந்தையைத் தொடலாமா கூடாதா என்று பயந்துகொண்டிருந்த நர்ஸின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். யாராவது ஒரு பொட்டலம் கொடுத்து, “இது பரம்பரை மருந்து, தினம் குடிங்க” என்றால் வேண்டாமென்று சொல்வீர்களா?

பொட்டலத்தில் என்ன இருந்தது?

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்து, கொஞ்சம் மாற்றி, 12 மூலிகைகள் கொண்ட ஒரு கலவை செய்தார்கள்.

முதலாவது ‘சாங் ஜு யின்’. முசுக்கொட்டை இலையும் செவ்வந்திப் பூவும் இதில் முக்கியம். காய்ச்சலுக்கென்றே தனி நூல் எழுதிய வூ ஜுதோங் (1758-1836) என்ற வைத்தியரின் மருந்து. நமக்குத் தெரிந்த அதிமதுரமும் புதினா வகையும் இதில் உண்டு.

இரண்டாவது ‘யு பிங் ஃபெங் சான்’. பெயரைத் தமிழில் சொன்னால், ‘காற்றைத் தடுக்கும் ஜேடு கல் திரை’! சளி, காய்ச்சல் எல்லாம் கெட்ட காற்று உடம்புக்குள் புகுவதால் வருவது என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. அதற்குக் குறுக்கே ஒரு திரை போடுகிறார்களாம்.

விருப்பப்பட்ட ஊழியர்கள் இதை இரண்டு வாரம் சாப்பிட்டார்கள்.

முடிவு என்ன?

2005-இல் ஆய்வு முடிவு வெளியானது. மருந்து சாப்பிட்ட 1,063 பேரில் ஒருவருக்குக்கூட அதன்பின் சார்ஸ் வரவில்லை. சாப்பிடாத 15,374 பேரில் 64 பேருக்கு வந்தது. பக்கவிளைவு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு, அதுவும் லேசானவைதான்.

“அப்புறமென்ன, மருந்து பலித்துவிட்டதே!” என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

15,374 பேரில் 64 பேர் என்றால், ஆயிரத்துக்குச் சுமார் 4 பேர். அப்படியானால் மருந்தே சாப்பிடாவிட்டாலும் அந்த 1,063 பேரில் நாலைந்து பேருக்குத்தான் நோய் வந்திருக்கும். ஆக, வித்தியாசம் மொத்தமே நாலைந்து பேர்!

இது வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கணக்கியல்படி அப்படி நேர வாய்ப்பு குறைவுதான். ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. மருந்து சாப்பிட்டவர்கள் யார்? தாங்களே முன்வந்தவர்கள்.

நம் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுகிற வீட்டில் டெங்கு வரவில்லை. புகையின் மகிமை என்கிறோம். ஆனால் புகை போட மறக்காத அந்த வீட்டு அம்மாதான் தண்ணீர்த் தொட்டியை மூடிவைக்கவும் மறக்காதவர்! பலன் புகையினாலா, மூடியினாலா? பிரித்துச் சொல்ல முடியுமா?

அதே கதைதான் இங்கும். தானே கேட்டு மருந்து சாப்பிடுகிற ஊழியர், முகமூடியையும் இன்னும் கவனமாகக் கட்டியிருக்கலாம். அல்லது ஆபத்துக் குறைந்த வார்டில் இருந்திருக்கலாம். சந்தேகமில்லாமல் சொல்ல ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் பொடி என்று கொடுத்துப் பார்ப்பது. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. இந்த ஆய்வு அந்த வகை அல்ல. உயிர் போகிற அவசரத்தில் அதைச் செய்வது சுலபமும் இல்லை. எனவே ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘நிரூபணம்’ என்றும் சொல்வதற்கில்லை.

இன்னொரு கணக்கு

அதே ஹாங்காங்கில், அதே 2003-இல், 5 ஆஸ்பத்திரிகளில் வேறொரு ஆய்வும் நடந்தது. சார்ஸ் நோயாளிகளுக்குப் பக்கத்தில் போன 254 ஊழியர்களிடம் நாலு விஷயம் கேட்டார்கள். முகமூடி போட்டீர்களா? கையுறை? மேலங்கி? கை கழுவினீர்களா?

நோய் தொற்றிய 13 பேரும் இந்த நாலில் ஏதாவது ஒன்றையாவது விட்டவர்கள். நாலையும் விடாமல் செய்த 69 பேரில் ஒருவருக்கும் வரவில்லை! இதிலும் ஒரு விவரம்: அறுவை சிகிச்சை முகமூடியும் என்-95 முகமூடியும்தான் பலன் தந்தன, காகித முகமூடி போதவில்லை.

இதுவும் சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வு இல்லைதான். ஆனால் நோயாளியின் எச்சில் துளி மூக்குக்கும் வாய்க்கும் போகாமல் தடுத்தால் கிருமி நுழைய வழியில்லை என்பது நேரடியாகப் புரிகிற சங்கதி. ஆகவே, கஷாயம் குடித்த தைரியத்தில் முகமூடியைக் கழற்றியிருந்தால்? அங்கேதான் ஆபத்து. மருந்து செய்யாத கெடுதலை அந்த தைரியம் செய்துவிடும்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

2020-இல் கொரோனா வந்தபோது நம் ஊரிலும் கபசுரக் குடிநீர் வீடு வீடாகப் போனது. நீங்களும் குடித்திருப்பீர்கள். தப்பில்லை. தெம்பாக இருக்கிறது என்றால் குடிக்கலாம். ஆனால் நாலு விஷயம் மனதில் இருக்கட்டும்:

* கஷாயம் கூடுதல் துணைதான். கை கழுவுவது, முகமூடி, தடுப்பூசி இருக்கிற நோய்க்குத் தடுப்பூசி - இவற்றுக்குப் பதில் அல்ல.

* ‘மூலிகைதானே, என்ன செய்யும்?’ என்ற எண்ணம் வேண்டாம். அதிமதுரத்தை அதிகமாக, நாள் கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பி.பி., இருதய நோய் உள்ளவர்கள் ஜாக்கிரதை.

* முசுக்கொட்டை இலை சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களும் அப்படியே.

* சீன மருந்துகளில் சேரும் கசப்பு வாதுமை வகைப் பருப்புகளில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து வீட்டில் இடித்துக் கலக்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்த தடவை யாராவது, “இதைக் குடிச்சவங்க ஒருத்தருக்கும் வரலையாம்!” என்றால், இரண்டே கேள்வி கேளுங்கள். “குடிக்காதவங்கள்ல எத்தனை பேருக்கு வந்தது?” “குடிச்சவங்க வேற என்னவெல்லாம் செஞ்சாங்க?”

பதில் வருகிற வரைக்கும் கஷாயம் ஆறட்டும். நீங்கள் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்!