அழற்சியும் ஸ்டீராய்டு ஹார்மோனும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் குளவிக்கொட்டை நன்கறிவர். கொட்டிய இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்நான்கும் சேர்ந்ததே அழற்சி. இது நம் இரத்த வெள்ளணுக்கள் நடத்தும் போர். போர் இல்லையேல் கிருமி வெல்லும். போர் ஓயாவிடில் உடலே கெடும். அதனை அளவோடு அடக்குவது எது என்பதைக் காண்போம்.

கார்ட்டிசால் என்னும் கடிவாளம்

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்தவை அட்ரீனல் சுரப்பிகள். அவற்றின் புறணிப்பகுதி, கொலஸ்டிராலிலிருந்து கார்ட்டிசால் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனை உண்டாக்குகிறது. அழற்சியின்போது வெள்ளணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின் என்னும் புரதங்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரீனலைத் தூண்டுகிறது. ஆக, போர் தொடங்கும்போதே அதை அடக்கும் ஆணையும் புறப்பட்டுவிடுகிறது!

கார்ட்டிசால் கொழுப்பில் கரைவது. ஆதலால் செல்சவ்வை எளிதில் கடந்து, உள்ளிருக்கும் ஏற்பியுடன் இணைந்து, உட்கருவை அடைகிறது. அங்கு அழற்சிப் புரதங்களுக்குரிய ஜீன்களை அடக்குகிறது. வலியும் வீக்கமும் தரும் புராஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியும் குறைகிறது. இரத்தத்தில் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

மருந்தும் எச்சரிக்கையும்

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாட்களிலேயே அவர் நடந்தார். ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். 2020இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கோ பயன் தரவில்லை. 2021இல் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியபோது, கட்டுப்படாத சர்க்கரை நோயுடன் ஸ்டீராய்டின் அளவற்ற பயன்பாடும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

ஏனெனில் ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை, காவலரை அடக்குகிறது. நெடுநாள் உட்கொண்டால் சர்க்கரை கூடும், எலும்பு தேயும். வெளியிலிருந்து வருவதால் அட்ரீனலும் தன் வேலையை மறந்து சுருங்கும். அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது இதனாலேயே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மூட்டுவலிக்குச் சீட்டின்றி வாங்கிய மாத்திரை அட்டையைத் தெருவில் பலரும் என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்வர். நம்மில் பலருக்கும் இதே நிலைதான். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்னும் பெயர்களைக் கண்டால், "மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்" என்று சொல்வோம். நாம் கற்ற விலங்கியல் நம் தெருவுக்கும் பயன்படட்டும்.