டவர் விழுந்த பிறகும் பேச ஒரு ரேடியோ: வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை



மழைக்காலத் தயாரிப்பு பற்றிப் பேசிய கடலோரக் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "செல்போன் டவர் போயிட்டா யார்கிட்ட சொல்றது? வாக்கி டாக்கின்னு ஆன்லைன்ல சில ஆயிரத்துக்குக் கிடைக்குதாமே, பொது நிதியில ரெண்டு வாங்கி வெச்சிக்கலாமா சார்?" நியாயமான கேள்விதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, டவர்கள் ஊமையாயின. எத்தனை வீடு போச்சு, எத்தனை பேர் முகாமில் இருக்காங்க என்று பக்கத்து ஊருக்குச் சொல்லக்கூட வழியில்லை. அதே புயல் மலையேறி கொடைக்கானல் பக்கமும் மரங்களைச் சாய்த்து ரோட்டை அடைத்தது. அதனால் இந்தப் பாடம் கடலோரச் சகோதரிகளுக்கு மட்டுமல்ல. மலைக் கிராமங்களில் இருந்து, காட்டுப் பாதையில் மலையேற்றக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் பணம் எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

டவரோ சிம் கார்டோ இல்லாமல், ஒரு செட்டில் இருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசுவது. அரசு நடத்தும் தேர்வில் பாஸ் செய்து உரிமம் வாங்கிய பொதுமக்கள் இதைப் பயன்படுத்தலாம். அமெச்சூர் ரேடியோ என்றும் சொல்வார்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் ரேடியோ குழுவோடு அந்தமான் போர்ட் பிளேரில் இருந்தார். உலகம் முழுக்க உள்ள ஹாம் நண்பர்களோடு அந்தமானில் இருந்து பேசுவதுதான் பயணத்தின் நோக்கம். 26-ஆம் தேதி பூமி அதிர்ந்து சுனாமி வந்தது. அவருடைய குழு தங்கள் செட்டுகளை உடனே மீட்பு வேலைக்குத் திருப்பியது. தீவுகளில் இருந்த உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்த குடும்பங்களுக்குச் செய்தி கொண்டு சேர்த்தது. கவனியுங்கள், சுனாமி வந்த அன்று அவர் செட் வாங்கப் போகவில்லை. ஏற்கெனவே படித்து, உரிமம் எடுத்து, தினமும் பேசிப் பழகிய கை அது.

முதலில் உரிமம், பிறகு செட்

இதை நாங்கள் அழுத்தித்தான் சொல்வோம். பேசக்கூடிய செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். "ஆன்லைன்ல விக்கிறாங்களே" என்றால், விற்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. இப்படி விற்பதைக் கட்டுப்படுத்த 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனியாக வழிமுறைகளே வெளியிட்டது. மலிவாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆர் போன்ற செட்டுகள் ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைக்கு வெளியேயும் பேசும். தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தி போலீஸ் பேசும் இடத்தில் குறுக்கிட்டால், மீட்பு வேலைக்கு நாமே இடைஞ்சல் ஆகிவிடுவோம். குழுப் பணத்தில் இந்த வம்பு வேண்டாம்.

தேர்வை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. 12 வயது முடிந்த யாரும் எழுதலாம். அம்மாவும் மகளும் சேர்ந்தே எழுதலாம்! ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தந்தி முறை தெரிய வேண்டியதில்லை. அடிப்படை மின்சாரம், ரேடியோ எப்படி வேலை செய்கிறது, விதிமுறைகள் என்ன, இவ்வளவுதான் பாடம். ஊருக்கு இரண்டு பேராவது படிக்க வேண்டும். ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாளில்தான் புயல் வரும்.

உரிமம் வேண்டாத வாக்கி டாக்கியும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும், அரசின் கருவி ஒப்புதல் பெற்ற குறைந்த சக்தி செட் அது. ஒரே முகாமுக்குள், அல்லது பாதையில் முன்னால் போகும் வழிகாட்டியும் கடைசியில் வருபவரும் பேசிக்கொள்ள அது போதும். தாலுகா ஆபீசுக்கு எட்டாது.

எந்த செட்?

கடைக்காரர் முதலில் வாட் கணக்குச் சொல்வார். "அது 5 வாட், இது 8 வாட், இதை எடுத்துக்குங்க" என்பார். நம்பி மயங்க வேண்டாம். கையடக்க செட்டின் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைவு, வீடு, தோப்பு, மலை எல்லாம் அதை மறைக்கும். கடற்கரையில் நின்று பேசினால் ஒருவருக்கு எட்டும் எல்லை சுமார் 5 கிலோமீட்டர். அதே செட்டோடு 40 அடி உயரப் புயல் பாதுகாப்புக் கட்டிடத்தின் மாடிக்கு ஏறினால் சுமார் 14 கிலோமீட்டர். இதெல்லாம் வெட்டவெளிக் கணக்கு, மரமும் கட்டிடமும் வந்தால் பாதியாகக்கூடக் குறையும். எதுவானாலும் 3 வாட் கூடுதலாக வாங்குவதைவிட மாடிப்படி ஏறுவது மேல், செலவும் இல்லை. மலையில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ். உச்சியில் நின்றால் வெகுதூரம் எட்டும், பள்ளத்தில் இறங்கினால் பக்கத்து மடிப்பில் நிற்பவருக்கே கேட்காது. பாதையில் எந்தெந்த மேட்டில் பேச்சு எடுபடுகிறது என்று முன்கூட்டியே நடந்து பார்த்து எழுதி வையுங்கள்.

அடுத்தது ஏரியல். செட்டோடு வரும் குட்டையான ரப்பர் ஏரியல் இடுப்பில் செருக வசதி, வேலை சுமார்தான். கழற்றி நீளமான ஏரியல் மாட்டுகிற வசதி செட்டில் இருக்க வேண்டும். ஏரியல் இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தக்கூடாது, செட் உள்ளேயே பழுதாகும்.

பேட்டரிதான் எங்கள் பார்வையில் உண்மையான பரீட்சை. கரண்ட் வர பத்து நாள் ஆனால் அந்த செட் என்ன செய்யும்? போன் சார்ஜர், பவர் பேங்க், சின்ன சோலார் தகடு இவற்றில் சார்ஜ் ஆகுமா, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடும் கூடு அதற்கு உண்டா என்று கேளுங்கள். பேசும்போது செலவாகும் மின்சாரம், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆவதைப்போலப் பல மடங்கு. அதனால் பக்கத்தில் பேச 1 வாட் அளவுக்குக் குறைக்கும் வசதியும் தேவை.

மழைக்கு ஐபிஎக்ஸ் எண் பாருங்கள். 4 என்றால் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மலிவு செட் பலவற்றுக்கு இந்த எண்ணே கிடையாது. கலர் திரை, டார்ச் லைட், எஃப்.எம். பாட்டு இதற்கெல்லாம் காசைக் கூட்ட வேண்டியதில்லை. இருட்டில், ஈரக் கையால் தடவியே பட்டன் தெரிகிறதா? கண்ணாடி இல்லாமல் எண் படிக்க முடிகிறதா? இதை வாங்கும்போதே சோதியுங்கள்.

நூறு, இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் பேச வேறு செட் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற எச்.எஃப். அலை, சுமார் 20 மீட்டர் கம்பி கட்ட இடம், ஒரு கார் பேட்டரி எல்லாம் வேண்டும். விலையும் அதிகம். அனுபவம் வந்தபின் பார்க்கலாம்.

எதிர்முனையில் யார்?

நல்ல செட், உரிமம் எல்லாம் இருந்தும் எதிரில் கேட்க ஆள் இல்லாவிட்டால் அது பொம்மைதான். டவுனில் உள்ள ஹாம் ஒருவரோடு மழைக்கு முன்பே பேசி, எந்த அலைவரிசை, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்ய வேண்டும். அவருக்கு போன் வேலை செய்தால், நம் செய்தியை மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கோ, மாநில எண் 1070-க்கோ சொல்லிவிடுவார்.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். பட்டனை அழுத்தி, ஒரு விநாடி விட்டு, நிலைய அடையாளக் குறி, ஊர், இடம், எத்தனை பேர், என்ன தேவை, "ஓவர்." "கர்ப்பிணி ஒருவர், வலி ஆரம்பித்துவிட்டது, ரோட்டில் மரம், படகு வேண்டும்" என்றால் போதும். அழுகையும் புலம்பலும் நியாயமே என்றாலும் பேட்டரியைத் தின்றுவிடும். குழு வியாபாரம், கடன் வசூல் பேச்செல்லாம் இதில் பேச விதிகள் அனுமதிக்காது.

உரிமம் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். குழுவுக்கு ஒரு சாதாரண பேட்டரி ரேடியோ வாங்குங்கள். கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. புயல் எச்சரிக்கை அதில் வரும்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் ஊரில் உயரமான, புயலுக்குத் தாங்கும் கட்டிடம் எது? அதன் மாடிச் சாவி இரவில் யாரிடம் இருக்கும்? தேர்வு எழுத முன்வரும் இரண்டு பேர் யார், அவர்கள் படிக்கும் நாட்களில் வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள்? பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். பெயர் கொடுப்பவர்களுக்கு விண்ணப்பம் போடவும் பாடம் படிக்கவும் நாங்கள் கூட இருப்போம்.