பெட்டி கட்டுமுன் தோபித்தின் வீட்டைப் பாருங்கள்



பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த நாள்முதல் சுவாமியார் வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஒருவர், கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் வேண்டி மற்றொருவர். நம் பிள்ளைகளில் சிலர் பக்கத்திலேயே படிக்கப் போகிறார்கள். 1951-ல் சலேசிய குருக்கள் தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியும், 1954-ல் சலேசிய கன்னியர் தொடங்கிய காட்பாடி ஆக்சீலியம் கல்லூரியும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. வேறு சிலர் சென்னைக்கும், திருச்சிக்கும், கோயம்புத்தூருக்கும் போய் விடுதியில் தங்கப் போகிறார்கள். அந்த வீடுகளில் இப்போது பெட்டி கட்டும் வேலை நடக்கிறது.

சென்ற வாரம் ஒரு தாயார் என்னிடம், "சாமி, பிள்ளைக்கு எல்லாம் வாங்கியாச்சு. ஆனாலும் எதையோ மறந்த மாதிரியே இருக்கு" என்றார். அந்த அம்மாள் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றிற்று. ஆகவே இந்த வாரம் நமது பாடத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.

வேதாகமத்தில் ஒரு பயணம்

பழைய ஏற்பாட்டில் தோபித்தின் ஆகமம் என்று ஒரு சிறு புத்தகம் உண்டு. 14 அதிகாரங்களே கொண்டது. ஒரு மாலைப்பொழுதில் குடும்பமாக உட்கார்ந்து வாசித்து முடித்துவிடலாம்.

தோபித்து பக்தியுள்ளவர், ஆனால் கண்பார்வை இழந்து ஏழ்மைக்கு வந்துவிட்டார். அவர் மனைவி அன்னா நெசவு வேலை செய்து, கூலி வாங்கி வீட்டை நடத்தினாள். அந்த வீட்டில் மனத்தாங்கலும் இருந்தது, சண்டையும் நடந்தது. விடியுமுன் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்சுக்கு ஓடும் நம் தாய்மார்களுக்கு இந்த வீடு அந்நியமாகத் தோன்றாது.

அவர்களுக்கு ஒரே மகன், பெயர் தோபியா. மேதியா நாட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவர, அந்த இளைஞனைத் தூர தேசத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவன் போனது படிப்புக்காக அல்ல என்பது மெய்தான். என்றாலும், அனுபவமில்லாத ஒரு பிள்ளையை முதன்முறையாக வீட்டைவிட்டு எப்படி அனுப்புவது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பகுதியை நான் அறியேன். தோபித்து அன்று செய்தவற்றில் மூன்றைக் கவனிப்போம்.

1. முன்னதாகவே கற்றுக் கொடுத்தார்

புறப்படும் நேரத்தில் வாசற்படியில் நின்று தோபித்து அவசர அவசரமாகப் புத்தி சொல்லவில்லை. வழித்துணை யாரென்று தீர்மானிக்குமுன்பே மகனை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். தானம் செய்யவும், கூலிக்காரனின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கவும், விவேகமுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்கவும் சொன்னார். நாம் ஏழைகளாயினும் தெய்வபயம் இருந்தால் நமக்குக் குறைவிராது என்று தேற்றினார்.

தோல் வேலை அறிந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, அதன் பிறகல்லவா பதனிடுகிறீர்கள்? ஒரே நாளில் முடியும் வேலையா அது? பிள்ளையைப் பழக்குவதும் அப்படித்தான். கல்லூரி திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இந்த நாட்களில் பையன் தன் துணியைத் தானே துவைக்கட்டும். பெண் தனியாக வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்து வரட்டும். ஒரு வாரச் செலவுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, சனிக்கிழமை கணக்குக் கேளுங்கள். பணம் புதன்கிழமையே தீர்ந்து போனால் திட்டாதீர்கள். நம் வீட்டிலே தீர்ந்தது நல்லதாயிற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையை எவ்வளவு விழுங்க வேண்டும், எப்போது டாக்டரிடம் போயாக வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா எழுப்பாமல் தானாக எழுந்திருக்கப் பழகட்டும். விடுதியில் எழுப்ப அம்மா இருக்கமாட்டார்கள்.

2. வீட்டை மதிக்கச் சொன்னார்

தோபித்து தம் மகனுக்குச் சொன்ன புத்திமதிகளின் தொடக்கத்திலேயே இருப்பது இது: உன் தாயைக் கனம்பண்ணு; உன்னைச் சுமந்தபோது அவள் பட்ட பாட்டை மறவாதே. கூலிக்கு நெய்யும் அந்தத் தாயை மகன் தூரதேசத்தில் மறந்துவிடலாகாது என்று அந்தத் தகப்பன் கவலைப்பட்டார்.

இவ்விடத்தில் என்னைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் 17 வயதில் குருமடம் சேர்ந்தேன். என் தகப்பனார் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். தோழர்கள், "உன் அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டபோது நான், "வியாபாரம்" என்றேன். பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மற்றவர்களின் பெற்றோர் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு அவரை நான் கூட்டிப் போகவில்லை. தூரத்தில் இருந்த ஒரு புளியமரத்தடிக்கு அழைத்துப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தைத் தந்தார், பஸ் கட்டணம் போக மீதியிருந்த பணத்தை என் சட்டைப் பையில் வைத்தார், போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது, நான் அழைக்காமலே, நேராகப் புளியமரத்தடிக்குப் போய் நின்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின் வேதாகம வகுப்பில் அப்போஸ்தலர் நடபடி ஆகமம் படித்தோம். 9-ம் அதிகாரத்தின் கடைசி வசனம் வந்தது. அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்தில் அநேக நாள் தங்கினார், எங்கே? தோல் பதனிடும் சீமோன் என்பவன் வீட்டில். செத்த மிருகங்களைத் தொட்டு வேலை செய்வதால் யூதர்கள் தோல் பதனிடுவோரைத் தாழ்வாக நினைத்தார்கள் என்று வகுப்புக் குருவானவர் விளக்கினார். திருச்சபையின் தலைவர் அந்த வீட்டில் படுத்தார், அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டார். அந்த வீட்டு மாடியில் ஜெபித்தபோதுதான், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்பதைச் சர்வேசுரன் அவருக்கு உணர்த்தினார். புறவினத்தாருக்குத் திருச்சபையின் கதவு திறந்தது ஒரு தோல்காரனின் வீட்டிலிருந்து.

அந்த வகுப்பில் என்னால் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை. அடுத்த முறை என் தகப்பனார் வந்தபோது வாசலிலேயே காத்திருந்து, கைபிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போய், "இவர் என் அப்பா, தோல் கம்பெனியில் வேலை செய்கிறார்" என்று எல்லாரிடமும் சொன்னேன். அவர் அன்று வீட்டுக்குத் திரும்பியதும் என் தாயாரிடம் அதையே பலமுறை சொன்னாராம்.

பெற்றோர்களே, இந்தக் குற்றம் பிள்ளையுடையது மட்டும்தானா? "படிக்காவிட்டால் நீயும் தோல் கம்பெனிக்குத்தான் போவாய்" என்று பத்து வருஷமாகச் சொல்லி மிரட்டியது யார்? நமக்குச் சோறு போடும் வேலையைத் தண்டனை போலப் பேசினால், பிள்ளை அதை அப்படியே நம்பிவிடுகிறது. போதாததற்கு, இத்தொழிலைச் சாதி சொல்லி இழிவாய்ப் பேசும் பாவம் நம் நாட்டை விட்டு இன்னும் நீங்கவில்லை. வெளியூரில் யாராவது அப்படிப் பேசும்போது நம் பிள்ளை கூசி நிற்குமா, நிமிர்ந்து நிற்குமா என்பதை நம் வீட்டுப் பேச்சுத்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே பெட்டி கட்டும் இந்த நாட்களில், உங்கள் வேலையைப்பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். தாய்மார்களே, ஷூவுக்கு அப்பர் தைக்கும்போது ஒரு தையல் தவறினால் என்ன ஆகும், நாளைக்கு எத்தனை ஜோடி உங்கள் கை வழியாகப் போகிறது என்று சொல்லுங்கள். தகப்பன்மார்களே, தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் உங்கள் கைத்திறனைச் சொல்லுங்கள். அந்த வேலையின் கஷ்டத்தையும், அதனால் பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டையும் மறைக்க வேண்டாம். இவற்றையெல்லாம் சீர்திருத்தத்தானே படித்த பிள்ளைகள் வேண்டும்?

3. நல்ல துணையைத் தேடி, ஆசீர்வதித்து அனுப்பினார்

மகனோடு போக ஒரு துணையைத் தேடச் சொன்னார் தோபித்து. வந்தவரை, எந்தக் குலம், எந்தக் குடும்பம் என்று விசாரித்தார். அவர் இரபேல் சம்மனசு என்பது அவருக்குத் தெரியாது. அழுத மனைவியைத் தேற்றும்போது, ஒரு நல்ல தூதர் நம் மகனோடு போவார் என்றார். அந்தத் தூதர் தம் எதிரிலேயே நின்றிருந்ததை அவர் அறியவில்லை!

நீங்களும் விசாரியுங்கள். விடுதிக் காப்பாளர் யார், அறையில் கூட இருப்பவர் யார், பக்கத்தில் எந்தக் கோவில், அங்கே பங்குக் குரு யார் என்று கேட்பதில் வெட்கமில்லை. என்னிடம் சொன்னால் அந்தப் பங்குக் குருவுக்கு நானே எழுதுகிறேன்.

அறைத் தோழர்கள் என்பது சிறிய காரியமன்று. 1525-ல் நவார் நாட்டு இளைஞர் ஒருவர் படிப்புக்காகப் பாரீஸ் நகரம் போனார். அங்கே அர்ச். பார்பரா கல்லூரியில் பேதுரு பேபர் என்ற ஏழைக் குடும்பத்து மாணவரோடு ஒரே அறையில் தங்கினார். 1529-ல் அவர்களோடு வயதில் மூத்த ஒருவர் வந்து சேர்ந்தார். அந்த நவார் இளைஞரே நம் அர்ச். சவேரியார், பின்னால் வந்தவர் அர்ச். இஞ்ஞாசியார். பேபரும் 2013-ல் அர்ச்சியசிஷ்டராக அறிவிக்கப்பட்டார். ஒரே விடுதியில் கூடிய மாணவர் மூவரும் அர்ச்சியசிஷ்டவர்களானார்கள். தமிழகக் கடற்கரைக்குச் சவேரியார் வந்து சேர்ந்ததற்கு வித்து அந்த அறையில் விழுந்தது.

தீய துணையும் உண்டு. புது மாணவரைப் பகடிவதை செய்வது தமிழ்நாட்டில் 1997 முதல் சட்டப்படி குற்றம். அப்படி ஏதேனும் நேர்ந்தால் மறைக்காமல் உடனே காப்பாளரிடமும் வீட்டிலும் சொல்லும்படி பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

தோபியா திரும்பி வரத் தாமதமானது. அவன் தாய் நாள்தோறும் போய் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்கிறது வேதாகமம். அவனைக் கண்டதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இதை மனதில் வையுங்கள். தொலைபேசியில் தினந்தோறும், "மார்க் என்ன?" என்று மட்டும் கேட்கிற வீட்டுக்குப் பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லாது. முதல் பரீட்சையில் தோற்றாலும், பாடம் புரியாமல் திகைத்தாலும், தகாத கூட்டத்தில் அகப்பட்டாலும், "முதலில் வீட்டுக்கு வா, பிறகு பேசிக்கொள்வோம்" என்று சொல்லி அனுப்புங்கள். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோமே. அவர்களுக்கு எந்த மார்க்கை விடவும் தேவைப்பட்டது இந்த ஒரு வார்த்தையாக இருந்திருக்கலாம்.

இனி பெட்டிக்குள் என்ன வைப்பது?

கொஞ்சமாக வையுங்கள். பிள்ளை ஒருவனாகத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏற முடியாத பெட்டி பெரிய பெட்டி. நான்கைந்து செட் துணி, போர்வை, வாளி, பூட்டு, தைக்க ஊசி நூல் போதும். மற்றதை ஊரைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் நாள்பட இருக்கும். ஆம்பூர் பிரியாணியை அடுக்கில் கட்டிக் கொடுப்பவர்கள் அன்றைக்கே தீர்ந்துபோகும்படி அறைத் தோழர்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றுக்குப் பல நகல்கள் எடுத்து, ஒரு கட்டை வீட்டிலேயே வைத்திருங்கள். வீட்டில் முதன்முதல் பட்டம் படிப்பவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்காக 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் உதவியாகத் தொடங்கப்பட்டன. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஊர் மெச்ச வேண்டுமென்று வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுச் சாமான் வாங்காதீர்கள். அந்தக் கடனை நினைத்து நினைத்துப் பிள்ளை படிக்க முடியாமல் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஜெபமாலையும், ஒரு புதிய ஏற்பாடும், வீட்டார் எல்லாரும் சேர்ந்து எடுத்த ஒரு படமும் வையுங்கள். அந்தப் படத்தில் அப்பா வேலைச் சட்டையோடு இருந்தாலும் குற்றமில்லை.

இவ்வாரத் தீர்மானம்

குடும்ப ஜெபத்தின்போது தோபித்தின் ஆகமத்தில் 4, 5 அதிகாரங்களை வாசியுங்கள். பிறகு தகப்பனும் தாயும் தங்கள் வேலையைப்பற்றி ஆளுக்கொரு காரியம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புறப்படும் நாளன்று, பெட்டியைத் தூக்குமுன், பிள்ளையின் நெற்றியில் இருவரும் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதியுங்கள். பெற்றோர் கொடுக்கும் ஆசீர்வாதத்துக்குக் குருவானவர் வரவேண்டும் என்பதில்லை.

வெளியூர் போகும் பிள்ளைகள் வருகிற ஞாயிறு பூசைக்குத் தங்கள் பெற்றோரோடு வந்து முன்வரிசையில் உட்காரட்டும். இரவு வேலை முடிந்து நேராக வருகிற தகப்பன்மார்கள், உடுப்பு மாற்ற நேரமில்லையே என்று பின்னால் நின்றுவிட வேண்டாம். அவர்களுக்கும் முன்வரிசையில்தான் இடம்.

சர்வேசுரன் உங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரவையும் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு