ரசனையும் வெறியும்



மனிதன் எதிலாவது ஆசை வைக்காமல் இருக்கமாட்டான். ஒருவனுக்குப் புறா, ஒருத்திக்கு ரோஜாச் செடி, இன்னொருவனுக்குச் சினிமா. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இவற்றைப் பற்றித்தானே பேச்சு? இதெல்லாம் பாவமென்று ஒரேயடியாய்த் தள்ளுவாரும் உண்டு. அது சரியல்ல. 1957-ம் ஆண்டில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் சினிமா, ரேடியோ, டெலிவிஷன் ஆகியவற்றைப் பற்றி நிருபம் எழுதியபோது, இவை மனிதனுடைய புத்தியாலும் உழைப்பாலும் உண்டானவையேயானாலும் சர்வேசுரனுடைய கொடைகளே என்று போதித்தார்.

ஆகையால் பிள்ளைக்கு ஆசை உண்டா என்று விசாரிப்பதில் பயனில்லை. அது எவ்வளவு சூட்டில் இருக்கிறதென்று பாருங்கள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! அச்சிலிருந்து எடுத்த பொம்மை எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகும். சூளையில் வெந்தால்தான் நிலைக்கும். ஆனால் ஈரம் போகுமுன் அவசரப்பட்டு நெருப்பை ஏற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொம்மை வெடித்துவிடும்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்திலேயே ரசிகர்கள் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து மோதிக்கொண்டதைப் பெரியவர்கள் அறிவார்கள். நடிகர் அஜித் குமார் 2011-ல் தம் பெயரால் நடந்த ரசிகர் மன்றங்களைக் கலைத்துவிட்டார். மன்றம் கலைந்தது, வெறி கலையவில்லை. 2023 ஜனவரி 11-ந் தேதி அவருடைய ‘துணிவு’ம் விஜய் நடித்த ‘வாரிசு’ம் ஒரே நாளில் வெளிவந்தன. சென்னையில் ஒரு தியேட்டருக்கு வெளியே, கொண்டாட்டத்தில் லாரியின்மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து மாண்டுபோனார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு எந்தப் படம் ஜெயித்தால் என்ன?

நாய் வளர்க்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து குறைவு. நடிகர் நம்மிடம் சோறு கேட்பதில்லை; நாய் வேளைக்கு வேளை கேட்கும். பிரியம் அங்கே கடமையாகிறது. (தடுப்பூசியும் அந்தக் கடமையில் சேர்ந்ததே. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவவேண்டாம்.)

சினிமா விஷயத்தில் தாய் தகப்பன்மார் என்ன செய்யலாம்? “சினிமாவா, சீ!” என்று சீறினால் பிள்ளை சினிமாவை விடமாட்டான்; உங்களோடு பேசுவதைத்தான் விட்டுவிடுவான். அவனோடு கூட உட்கார்ந்து பாருங்கள். சினிமா பிறந்து 100 ஆண்டு நிறைந்ததையொட்டி 1995-ல் வத்திக்கான் 45 படங்களைத் தெரிந்தெடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. 1948-ல் இத்தாலியில் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ அதில் ஒன்று. நம் நாட்டு சத்யஜித் ராயை மிகவும் ஆட்கொண்ட படமும் அதுவே. சுவரொட்டி ஒட்டும் ஏழைத் தகப்பன் ஒருவனுடைய சைக்கிள் களவுபோகிறது. சைக்கிள் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. சிறு மகனைக் கூட்டிக்கொண்டு ரோமாபுரி வீதிகளெல்லாம் தேடுகிறான். கடைசியில் மனமுடைந்து தானே ஒரு சைக்கிளைத் திருடப்போய், மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். நட்சத்திரமும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை; கல் நெஞ்சும் கரையும்.

படம் முடிந்ததும் பிள்ளையைக் கேளுங்கள்: “நீ அந்தப் பையனாயிருந்தால், வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பாய்?” பதில் வரத் தாமதமானால், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.