வலி மாத்திரையும் இரத்தக் கொதிப்பும்



அண்மையில் முதலிபாளையத்தில் தணிக்கைக்குச் சென்றபோது, நெசவாள அங்கத்தினர் ஒருவர் தம் மூட்டுவலி மாத்திரைகளைக் காண்பித்தார். வைத்தியர் சீட்டின்றிக் கடையில் வாங்கியவை. "இரண்டே நாளில் தறிக்குப் போய்விட்டேன்" என்றார். ஆனால் அவர் முகம் உப்பியிருந்தது. உறையில் பிரெட்னிசலோன் என்று கண்டிருந்தது. சுகாதார நிலையத்தில் சோதித்தபோது இரத்தக் கொதிப்பும் தெரியவந்தது. இதன் காரணத்தை ஆராய்வோம்.

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் மேலும் அட்ரினல் என்னும் சிறு சுரப்பி உள்ளது. அதில் ஊறும் ஸ்டிராய்டு ஹார்மோன்களில் ஒன்று ஆல்டோஸ்டிரோன். இது உப்பைச் சிறுநீரில் கழியவிடாமல் தேக்குகிறது. உப்புத் தங்கினால் நீரும் தங்கும். நீர் மிகுந்தால் குழாயில் அழுத்தம் ஏறும். 1955-ல் அமெரிக்க வைத்தியர் ஜெரோம் கான், இச்சுரப்பியின் கட்டியால் ஆல்டோஸ்டிரோன் மிகுந்து இரத்தக் கொதிப்புற்ற ஒரு பெண்மணியைப் பற்றி விவரித்தார். கட்டியை அகற்றியதும் கொதிப்புத் தணிந்தது.

மற்றொன்று கார்ட்டிசால். இதுவும் உப்பைத் தேக்க வல்லதே. எனினும் சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதி அதனை அங்கே செயலிழக்கச் செய்கிறது. அதிமதுரம் அந்நொதியைத் தடுக்கும். ஆதலின் அதனை நெடுநாள் மிகுதியாக உண்பாருக்கும் கொதிப்பு வரக்கூடும். பிரெட்னிசலோன் கார்ட்டிசாலை ஒத்த மருந்து. அது உப்பைத் தேக்குவதுடன் இரத்தக் குழாய்கள் சுருங்குவதையும் மிகுவிக்கிறது.

இம்மருந்து நஞ்சன்று. கடும் இழுப்பு நோயில் உயிர் காப்பது. 2020-ல் கொரோனா நோயில் பிராணவாயு தேவைப்பட்டோரின் மரணத்தை இவ்வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் குறைத்தது. அளவும் நாளும் வைத்தியர் வகுக்க வேண்டும் என்பதே பொருள். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணைப்படி இதனைச் சீட்டின்றி விற்றலாகாது.

இன்னொரு எச்சரிக்கை: நெடுநாள் உண்டவர் இதனைத் திடீரென நிறுத்தலாகாது. வெளிச்சரக்கு வந்து குவிந்தால் நம் தறிகள் ஓய்ந்துவிடும் அல்லவா? அவ்வாறே சுரப்பியும் உறங்கிவிடும். அது விழிக்க நாளாகும். அதற்குள் மருந்தும் நின்றால் உயிருக்கே ஆபத்து. நம் அங்கத்தினருக்கும் வைத்தியர் சிறுகச் சிறுகவே அளவைக் குறைத்து வருகிறார்.

ஆகவே நெசவாளரும் விவசாயிகளும் பெயர் அறியா மாத்திரையை வாங்காதீர்கள். முன்னமே உண்டு வருவோர் உறையுடன் வைத்தியரிடம் சென்று இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்க. 140/90-ஐ எட்டினால் அலட்சியம் வேண்டாம். கணக்கைத் தணிக்கை செய்வதுபோல் உடலையும் தணிக்கை செய்வோமாக.