கதவடைத்த நாட்களில் குழந்தை மனம்

தாராவித் தமிழர்கள் 2020 ஏப்ரல் முதல் தேதியை எளிதில் மறக்க மாட்டார்கள். அன்றுதான் அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே இறந்தும் போனார். சுமார் இரண்டரைச் சதுரக் கிலோமீட்டரில் எட்டு, ஒன்பது லட்சம் மக்கள். பலருக்கும் பொதுக் கழிப்பிடம்தான். வீட்டிலேயே தனித்திருப்பது ஆகாத காரியம். ஆகவே பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு அரங்கிலும் மாநகராட்சி முகாம்கள் அமைத்தது. நோய் அடங்கியதற்கு அது பெரிதும் உதவிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முகாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 90 அடி சாலைக்கு அருகே ஒற்றை அறை வீடு, இட்லி வியாபாரம். உடன் வேலை செய்தவருக்கு நோய் கண்டதால் தந்தையை ஓர் இரவு முகாமுக்கு அழைத்துப் போனார்கள். எட்டு வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில், "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்றார் தாய். "ரயில்தான் ஓடலையே அம்மா?" என்றான் பையன்.

அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு குறைந்தது. என்றோ நின்றுபோன, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பியது. அப்பா இறந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று தானாகவே முடிவு செய்திருக்கிறான். ஐந்தாம் நாள் கைப்பேசியில் தந்தையின் முகத்தைப் பார்த்து அழுத பிறகே இது வெளியே வந்தது.

அந்தத் தாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குழந்தைக்குப் பயம் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் குழந்தை நம் சொல்லைவிட முகத்தையே முதலில் படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது இல்லாத பயங்களையும் தானே கற்பித்துக்கொள்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்காமும் குழந்தைகள் இல்லங்களை நடத்தினார்கள். குண்டு வீச்சிலிருந்து காப்பதற்காகப் பெற்றோரைப் பிரித்து வெளியூர் அனுப்பப்பட்ட குழந்தைகள் பலர், தாயின் அருகிலேயே இருந்து குண்டுச் சத்தம் கேட்ட குழந்தைகளைவிட அதிகம் கலங்கியிருந்ததை அவர்கள் கண்டு 1943-இல் எழுதினார்கள். தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது என்பதும் அவர்கள் கண்டதே.

அப்படியானால் பெற்றோர் பயப்படவே கூடாதா? அது மனிதரால் ஆகிற காரியமல்ல. "எனக்கும் கவலைதான், ஆனா டாக்டர் பார்த்துக்கிறாங்க; பதினாலு நாள்ல அப்பா வந்துடுவாங்க" என்று வயதுக்கேற்ற உண்மையைச் சொன்னால் போதும். பிரிவதற்கு முன், தூங்கும் பிள்ளையை எழுப்பியாவது விடைபெற வேண்டும். சாப்பாடு, குளியல், படுக்கை நேரங்கள் மாறாமலிருந்தால் அதுவே பிள்ளைக்குப் பெரிய பிடிமானம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வருமானம் நின்ற கோபத்தைப் பிள்ளைகளின் முதுகில் இறக்கிய தகப்பன்மார் நம்மிடையே இருந்தார்கள். அடிவாங்கும் பிள்ளைக்கு வெளியே நோய், உள்ளே அப்பா, ஓடுவதற்கு இடமேது? 1996-இல் இதே மும்பையில், தேவ்னாரிலுள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கிய 1098 தொலைபேசி உதவி இன்று நாடு முழுவதற்கும் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த எண்ணைச் சொல்லிக்கொடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்த இட்லி வியாபாரி பிறகு தினமும் இரவு ஒன்பது மணிக்கு முகாமிலிருந்து பேசினார். நாளைக்கு ஒரு வாய்ப்பாடு, மகன் ஒப்பிக்க வேண்டும். அவர் வீடு திரும்பிய அன்று பையன் பதினாறாம் வாய்ப்பாட்டில் இருந்தான்.