மாசிக் கணக்கு

மூலனூர்,
மாசி 5

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது.

முந்தாநாள் போனில் நீ கேட்ட கேள்வி ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "காட்டுல இன்னும் முழங்காலளவு புல்லு நிக்குது பெரியப்பா, மாடெல்லாம் நல்ல பதத்துல இருக்குது, இப்பவே இன்னும் நாலு கறவை புடிச்சுப்போடலாமா?" என்று கேட்டாய். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போகும். கடிதமென்றால் கட்டுத்தரை எரவானத்தில் செருகி வைத்து மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

மாடு பிடிக்காதே கண்ணு. இந்த மாசியில் வேண்டாம்.

மாசி பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும் மாதம். தையில் அறுத்த சோளத்தட்டு போராக நிமிர்ந்து நிற்கும். குட்டையில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். பட்டிப் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய சாயம்கூட இன்னும் மங்கியிருக்காது. ராத்திரி பனி, காலையில் இளவெயில், மாடு வயிறு நிறைந்து படுத்து அசைபோடும். இதையெல்லாம் பார்க்கிறபோது யாருக்கும் கை நீளத்தான் செய்யும். ஆனால் நீ பார்க்கிற அந்தக் கொழுக்கட்டைப் புல் இனிமேல் ஒரு விரற்கடை வளராது. ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்தது, இப்போது காய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஏழு வருசம் கணக்கு எழுதியவள் நீ. வரவு நின்றுபோன கணக்கில் இருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உனக்கு நினைவிருக்கும். வழக்கமாகப் பெய்வதில் பாதிகூட இல்லை. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த மாசியிலும் என் கட்டுத்தரையில் பதினோரு உருப்படி நின்றது. போன வருசத் தட்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தத் தைரியத்தில், சித்திரையில் ஒரு மழை பெய்யாதா என்று இருந்துவிட்டேன். நாலு மாட்டைக் கேட்டு வியாபாரி வந்தபோது நல்ல விலைதான் சொன்னான். மனசு வரவில்லை. பங்குனிக் கடைசியில் போர் கரைந்தது. சித்திரையில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வைக்கோல் லாரி வந்தால் ஊரே சுற்றி நின்றது. அதே வியாபாரிக்கு நானே ஆள் அனுப்பினேன். மாசியில் கேட்டதில் பாதி விலைக்கு ஐந்து உருப்படி போனது. அதில் ஒன்று மூன்றாம் ஈத்துக் காங்கயம் மாடு. வண்டியில் ஏற்றும்போது விலா எலும்பை எண்ணலாம். ஏறமாட்டேன் என்று காலை ஊன்றி நின்று என்னையே திரும்பிப் பார்த்தது. விலை போனது எனக்குப் பெரிதில்லை கண்ணு. தெம்பாக இருந்தபோதே ஒரு நல்ல சம்சாரி கட்டுத்தரைக்கு அனுப்பியிருக்க வேண்டிய மாட்டை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேனே, அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த வாரம் ஒரு வேலை செய். போரிலிருந்து பத்துக் கட்டுத் தட்டை உருவி, தராசில் நிறுத்துச் சராசரி எடு. உன் போரில் எழுநூறு கட்டு என்றாய். கட்டுக்கு எட்டுக் கிலோ என்று வைத்தால் 5,600 கிலோ. உன்னிடம் காங்கயம் ஆறு, கலப்பின மாடு இரண்டு, எருமை ஒன்று, ஆக ஒன்பது உருப்படி. காட்டில் மேய்ந்து வந்தாலும் ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஆறு கிலோ தட்டு போடத்தான் வேண்டும். ஆடி பிறக்க இன்னும் 150 நாள். மாட்டுக்கு 900 கிலோ, ஒன்பதுக்கு 8,100 கிலோ. கன்றுகளை நான் சேர்க்கவே இல்லை. கிட்டத்தட்ட இரண்டரை டன் துண்டு விழுகிறது, மூன்று மாட்டுத் தீனி. இதில் இன்னும் நாலு மாடா?

கோடை மழை பெய்யலாம். சித்திரை வைகாசியில் ஒரு உழவு மழை கிடைத்தால் காடு லேசாகப் பச்சை பிடிக்கும். அதை மட்டும் வரவில் எழுதாதே.

இரண்டரை டன் தட்டை இந்த மாதமே வாங்கிப் போர் போடு, அறுப்பு முடிந்த கையோடு கொடுக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். இல்லையென்றால் உருப்படியைக் குறை. என்னைக் கேட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்காத அந்தக் கறுப்புக் கலப்பின மாட்டைக் கொடுத்துவிடலாம். நாற்பது மேச்சேரி ஆட்டில் பல் விழுந்த கிழடுகள் ஆறேழு இருக்கும். அவற்றையும் தேவைக்கு மேல் நிற்கிற கிடாய்க் குட்டிகளையும் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிவிடு. கண்ணபுரம் தேர்ச்சந்தை வரட்டும் என்று காத்திருக்காதே. சித்திரை வருவதற்குள் தட்டுத் தீர்ந்துபோனவர்கள் எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காங்கயம் கிடாரிகள் இரண்டையும் மட்டும் யார் என்ன விலை கேட்டாலும் கொடுக்காதே. பழையகோட்டைப் பட்டக்காரர் பட்டியிலிருந்து உன் தாத்தா ஓட்டிவந்த மாட்டின் வழி அது. விற்றால் திரும்ப வாங்க முடியாது.

தட்டை நறுக்கிப் போடு. முழுத் தட்டாகப் போட்டால் மாடு தோகையை உருவித் தின்றுவிட்டு அடித்தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். நறுக்குகிற எந்திரம் உன் அப்பன் வாங்கியது, சும்மாதான் நிற்கிறது. காய்ந்த தீனி மட்டும் தின்கிற காலத்தில் தாது உப்புக் கலவை வேளை தவறக்கூடாது, பெரிய மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 50 கிராம்.

இனி சோளக்காட்டு விசயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உன் அப்பன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தையில் சோளம் அறுத்த காட்டில், மாசியில் எங்கிருந்தோ ஒரு தூறல் விழுந்தது. அறுத்த தாளெல்லாம் ஒரு சாண் உயரத்துக்குத் துளிர்த்துவிட்டது. சுற்றிலும் காய்ந்து கிடக்க அது மட்டும் பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கும். நிறைசினை மாடு ஒன்று தும்பை அறுத்துக்கொண்டு அதில் இறங்கிவிட்டது. பச்சையைத் தின்னட்டுமே, வயிற்றில் கன்று இருக்கிறது என்று நானும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாடு தள்ளாடியது, வாயில் நுரை, மூச்சு வாங்கி மல்லாந்துவிட்டது. வைத்தியர் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. வயிற்றுக்குள் கன்று உதைத்ததை என் கையால் தொட்டுப் பார்த்தேன்.

மறுபடி துளிர்க்கிற இளஞ்சோளத்திலும், தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கிற பூக்காத சோளத்திலும் சயனைடு விசம் ஊறும் என்று பிறகுதான் கால்நடை மருத்துவர் விளக்கினார். மாற்று ஊசி இருக்கிறது, சோடியம் தயோசல்பேட் என்று பெயர். நரம்பில் உடனே ஏற்ற வேண்டும், ஆள் வந்து சேர்வதற்குத்தான் நேரம் இருக்காது. பூத்து முற்றி, அறுத்து நன்றாகக் காய்ந்த தட்டுக்குப் பயமில்லை. நம் கிழக்குக் காட்டில் நீ சோளம் அறுத்திருக்கிறாய். போன வாரம் அங்கே தூறல் விழுந்தது என்றும் சொன்னாய். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு போய்ப் பார். துளிர்த்திருந்தால் டிராக்டரைக் கூப்பிட்டு உழுதுவிடு. உழும்வரை கடவில் படலைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டு.

காலையில் நீ எழுந்ததும் பால் கறக்க உட்கார்ந்துவிடுவதாக அம்மா சொன்னாள். சொசைட்டிக்கு நேரமாகிறது என்பது புரிகிறது. ஆனாலும் செம்பைத் தொடுவதற்கு முன்னால் கட்டுத்தரையை ஒரு சுற்று நடந்து வா. விளக்கைப் போடாமல் டார்ச்சோடு போ. எது படுத்திருக்கிறது, எது மற்றதெல்லாம் எழுந்தபிறகும் எழ யோசிக்கிறது என்று பார். மூக்கைப் பார். நன்றாக இருக்கிற மாட்டின் மூக்கில் முத்து முத்தாக ஈரம் பூத்திருக்கும். துடைத்துவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி பூக்கும். காய்ந்து சொரசொரவென்று இருந்தால் காதைத் தொட்டுப் பார், காய்ச்சல் இருக்கும். ராத்திரி போட்ட தட்டில் எவ்வளவு மிச்சம், சாணி எப்படி விழுந்திருக்கிறது என்று பார். உன் அப்பன் இந்தச் சுற்றை முப்பது வருசம் ஒரு நாள் தவறாமல் நடந்தான். "அந்தச் செவலை இன்னைக்குச் சரியில்ல" என்பான். எங்கள் யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் மடி கல்லாக இருக்கும்.

மடி கட்டியிருந்தால் முதல் பாலை ஒரு கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார், திரி திரியாக வந்தால் மடிநோய். மருத்துவரைக் கூப்பிடு. அவர் வரும்வரை சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசலாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் பாலைப் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும்.

ஆட்டைப் பனி காய்வதற்கு முன்னால் பட்டியை விட்டுத் திறக்காதே. ஈரப் புல் நுனியில்தான் குடற்புழுவின் குஞ்சு ஏறி நிற்கும். எட்டரை ஒன்பதுக்கு வெயில் உறைத்தபிறகு விடு. மேய்க்க வருகிற பாட்டி முணுமுணுப்பாள், முணுமுணுக்கட்டும்.

கன்று செவலையாகப் பிறந்திருக்கிறதே, காளை மாறிவிட்டதோ என்று பயந்தாயாம், பெரியம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காங்கயம் கன்று பிறக்கையில் சிவப்புத்தான். ஆறு மாதம் போனால் சாம்பல் நிறத்துக்கு மாறும். அடுத்த மாடு பங்குனியில் ஈனும் என்று சொன்னாய், பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். பனி இன்னும் விட்டிருக்காது. சாக்கும் வைக்கோலும் பக்கத்தில் இருக்கட்டும். மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தாயை நக்கவிடு. தொப்புள் கொடியை இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, கீழே வெட்டி, டிங்சர் அயோடின் வை. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போக வேண்டும். இருபது கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டு லிட்டர், மூன்று நாலு தடவையாக. அந்த ஒரு நாள் போனால் சீம்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி கன்றின் குடலில் ஏறாது. அக்கம்பக்கத்தில் சீம்பால் கேட்டுப் பாத்திரம் வரும். கன்று குடித்து மீந்ததைக் கொடு. நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரம்வரை தானாக விழும், தொங்குகிறதே என்று கை வைத்து இழுக்கவே கூடாது. விழுந்ததை உன் அப்பன் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவான். நீ கட்டினாலும் சரி, குழி தோண்டிப் புதைத்தாலும் சரி, நாய் வாயில் படக்கூடாது.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளகோவில், காங்கயம் பக்கம் பட்டி பட்டியாக ஆடுகளைக் கடித்துப் போடுகிற செய்தி உனக்கும் வந்திருக்கும். கிளுவை இலை உதிர்ந்து நிற்கிற காலம் இது. வேலியில் எங்கெங்கே சந்து என்று இப்போது நடந்தால் தெளிவாகத் தெரியும். முள்ளை வெட்டி அடை. குட்டி போட்ட ஆடுகளைக் கோடை முடியும்வரை வீட்டுக்குப் பக்கத்துப் பட்டியிலேயே போடு.

கோமாரித் தடுப்பூசிக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஊருக்கு வருகிறார்கள். இரண்டு நாள் பால் குறையும் என்று சிலர் மாட்டை ஒளித்துக் கட்டுகிறார்கள். நீ முதல் ஆளாக ஓட்டிக்கொண்டு போ. நாலு மாதம் தாண்டிய கன்றுகளையும் சேர்த்து ஓட்டு.

வருகிற பங்குனியோடு உன் அப்பன் போய் ஒரு வருசம் ஆகிறது. பிள்ளை திருப்பூருக்கே போய்விடும், கட்டுத்தரை காலியாகிவிடும் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், மன்னித்துக்கொள். போன மாதம் வந்தபோது நீ எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததைப் படலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெரிய தராசு என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். போரை நாம் இருவரும் சேர்ந்தே எண்ணிவிடலாம். சாப்பாட்டுக்கு எதுவும் தனியாகச் செய்யவேண்டாம், கம்பஞ்சோறும் மோரும் போதும் என்று அம்மாவிடம் சொல்.

கிழக்குக் காட்டை இன்றைக்கே பார்த்துவிடு.

அன்புடன்,
உன் பெரியப்பா